ஒரகடத்துக் கூழும் கோலப் போட்டியும்

“பெண்ணை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் குடி வைத்திருக்கிறேன்” என்று எங்கள் தலைமுறைக்காரர்களிடம் சொன்னால் உடனே கன்னத்தில் போட்டுக் கொள்வார்கள். 1017-ல் ராமாநுஜர் அவதரித்த ஸ்தலம் அல்லவா! அதையே பக்கத்து வீட்டுப் பையனிடம் சொன்னேன். “எந்தக் கம்பெனி, ஆன்ட்டி?” என்றான்.

அவன் கேட்டதிலும் தப்பில்லை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவர ஆரம்பித்தன. 2010-ல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிஸான். முன்னும் பின்னுமாக லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி, செல்போன் என்று எத்தனையோ தொழிற்சாலைகள். ஒரகடம் கூட்டு ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் கண்ணுக்கு எட்டிய மட்டும் மதில் சுவர்தான். ஷிப்ட் முடிகிற நேரத்தில் பாருங்கள், கம்பெனி பஸ்கள் தேர் மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக ஊர்ந்து வரும்.

ஆனால் மெயின் ரோட்டை விட்டு ஒரு மைல் உள்ளே போனால், ஏரிக்கரை, வேப்ப மரம், அம்மன் கோவில், திண்ணை வைத்த நாலைந்து பழைய வீடுகள் என்று ஊர் ஊராகத்தான் இருக்கிறது. அப்படி ஓர் ஊரில், வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்குப் போகிற பக்கத்தில், என் பெண்ணும் மாப்பிள்ளையும் வாடகைக்கு இருக்கிறார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். நான் எழுதப் போவதில் கொஞ்சம் மனத்தாங்கலும் உண்டு!

முதல் தடவை நான் போனது ஓர் ஆடி மாதம். பேத்திக்கு அப்போது எட்டு மாதம். காலை ஆறு மணிக்கே வேப்ப மரத்தில் கட்டிய ஒலிபெருக்கி அம்மன் பாட்டைப் பாட ஆரம்பித்து விட்டது. குழந்தை தூங்கினால்தானே! ஒன்பது மணி சுமாருக்கு, கையில் ரசீதுப் புத்தகத்தோடு ஒரு பெரியவரும் இரண்டு இளவட்டங்களும் தெருவில் வந்தார்கள். கூழ் வார்க்கும் திருவிழாவுக்கு ஊர் வரி. பக்கத்து வீட்டில் வாங்கினார்கள். நான் புடவைத் தலைப்பைச் சரி செய்து கொண்டு வாசலில் நின்றேன். எங்களைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய் விட்டார்கள்.

“தம்பி, இங்கே வரலையா?” என்றேன்.

“இது வாடகை வூடும்மா. வாடகை வூட்டுக்கு வரி கெடையாது. மனசு இருந்தா நன்கொடை குடுங்க, ரசீது போட்டுத் தரேன்.”

பெண் உள்ளே போய் 500 ரூபாய் கொண்டு வந்து கொடுத்தாள். ரசீதில் ‘வரி’ என்று அச்சடித்திருந்ததை அடித்து விட்டு, ‘நன்கொடை’ என்று எழுதிக் கொடுத்தான் பையன். மரியாதையாகத்தான் கொடுத்தான். ராத்திரி படுக்கும்போது பெண் சொன்னாள்: “கட்டாயம் இல்லைன்னா நமக்கு மிச்சம்தானேம்மா. ஆனா என்னமோ போலிருக்கு.”

வரிக்கும் நன்கொடைக்கும் அப்படி என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். நான் பேராவூரணிப் பக்கத்துக்காரி. எனக்கு இது தெரியும். ஊர்க் காரியத்துக்குத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று போடுவார்கள். கல்யாணமான ஆண் பிள்ளை ஒருவன் என்றால் ஒரு தலைக்கட்டு. புருஷனை இழந்தவள் தனியாக இருந்தால் சில ஊர்களில் பாதி வரி, சில ஊர்களில் வரியே இல்லை. இரக்கப்பட்டு விட்டு விடுகிறார்கள் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். கணக்கில் இல்லாதவளுக்குப் பேச்சும் இல்லை என்பது பின்னால்தான் புரிந்தது. திருவிழா முடிந்ததும் கோவில் வாசலில் உட்கார்ந்து வரவு செலவு படிப்பார்கள். மைக் செட்டுக்கு எவ்வளவு, பூவுக்கு எவ்வளவு, மிச்சப் பணத்தை யாரிடம் வட்டிக்கு விட்டிருக்கிறது என்றெல்லாம் வரும். அங்கே எழுந்து “இது ஏன் இவ்வளவு?” என்று கேட்க வரி கொடுத்தவனுக்குத்தான் வாய் உண்டு. நன்கொடை கொடுத்தவர் பெயரை மைக்கில் சொல்லி, சமயத்தில் துண்டும் போர்த்துவார்கள். அதோடு சரி.

எங்கள் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும். பணம் முடை என்றால் பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, ஊருக்கே சாப்பாடு போட்டு மொய் வாங்கிக் கொள்வார்கள். வாங்கினதை நோட்டில் எழுதி வைத்து, கொடுத்தவர் விருந்து வைக்கும்போது கூடப் போட்டுத் திருப்பிச் செய்ய வேண்டும். அது கடன். ஆனால் அந்த நோட்டில் ஒருவர் பெயர் ஏறி விட்டது என்றால், அவர் நம் மனுஷர் என்று அர்த்தம். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவளுக்கு, ஒரு நோட்டிலும் பெயர் இல்லாமல் இருப்பது உறுத்தத்தானே செய்யும்?

கூழ் விஷயத்தைச் சொல்லி விடுகிறேன், வாசகிகள் கோபித்துக் கொள்வார்கள்! வீட்டுக்கார அம்மா கேழ்வரகு மாவை முதல் நாளே தண்ணீரில் கரைத்துப் புளிக்க விட்டிருந்தார். மறுநாள் பெரிய பானையில் அரிசி நொய்யைக் குழைய வேக விட்டு, புளித்த மாவை ஊற்றிக் கட்டி தட்டாமல் மரத் துடுப்பால் துழாவினார். கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டுப் பார்த்தால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். ஆறிய பின் மூடி வைத்து, அடுத்த நாள் தண்ணீரும் மோரும் விட்டுக் கரைத்து, உப்பு, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம். தொட்டுக் கொள்ள முருங்கைக்கீரை, மாங்காய். சாப்பிடுகிறவர்களுக்குக் கருவாட்டுக் குழம்பு. வீட்டுக்கு ஒரு குடம் கொண்டு போய்க் கோவில் அண்டாவில் ஊற்றுவார்கள். எல்லா வீட்டுக் கூழும் ஒன்றாகக் கலந்த பிறகுதான் அம்மனுக்குப் படைத்து ஊருக்கு வார்ப்பது. அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற இடத்தில் யார் வீட்டுக் கூழ் புளிப்பு, யார் வீட்டுக் கூழ் கட்டி என்று கண்டுபிடிக்கவே முடியாது, பாருங்கள்!

இந்த ஊரில் இப்போது கேழ்வரகு விளைவதில்லை. நிலமெல்லாம் கம்பெனிக்குப் போயாயிற்று. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கேழ்வரகு பாக்கெட்டில் வருகிறது. இருந்தாலும் நல்ல பண்டம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. அதே அளவு பசும்பாலில் 120-தான். புளிக்க வைப்பதாலும் முளை கட்டுவதாலும் அந்தச் சத்தும் இரும்புச் சத்தும் உடம்பில் சுலபமாகச் சேருகின்றன. பால் கொடுக்கும் தாய்மார்கள் தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் கைக்குழந்தைக்குப் பொது அண்டாக் கூழ் வேண்டாம். எந்தத் தண்ணீர், எத்தனை கை பட்டது என்று யாருக்குத் தெரியும்? ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குக் கேழ்வரகை ஊற வைத்து அரைத்து, துணியில் பால் பிழிந்து, அதை வீட்டிலேயே கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுங்கள். ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் அதில் சேர்க்க வேண்டியதில்லை.

காப்புக் கட்டி விட்டால் திருவிழா முடிகிற வரை ஊரை விட்டு வெளியே ராத்தங்கக் கூடாது என்பது பழைய விதி. பாதி ஊர் நைட் ஷிப்ட் போகிறதே, என்ன செய்கிறீர்கள் என்று அந்தப் பெரியவரிடம் கேட்டேன். “அம்மாளுக்குத் தெரியாதா ஷிப்டு?” என்றார் சிரித்துக் கொண்டே. விதியை இப்படி வளைக்கத் தெரிந்தவர்களுக்கு வாடகை வீடு மட்டும் வளையவில்லை!

நான் ஊருக்குத் திரும்பி மூன்று மாதம் இருக்கும். ஐப்பசி அடைமழை. இரவு இரண்டு மணிக்குப் போன். குழந்தைக்கு அனலாய்க் கொதிக்கிறது, மாப்பிள்ளை நைட் ஷிப்ட், வீட்டுக்கார அம்மா மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். “யார் வீட்டுக் கதவைத் தட்டறதுன்னே தெரியலைம்மா” என்று அழுகிறாள் பெண். ஒரு வருஷத்துக்கு மேலாக அந்தத் தெருவில் இருக்கிறவள்! 108-ஐக் கூப்பிடச் சொன்னேன். வந்து அழைத்துப் போனார்கள். குழந்தை பிழைத்துக் கொண்டது. ஆனால் அந்த இரண்டு மணிக் குரல் இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

அதனால்தான் பொங்கலுக்கு நானே கிளம்பிப் போனேன். இளைஞர் நற்பணி மன்றத்தார் காணும் பொங்கலன்று நடத்தும் விளையாட்டுப் போட்டிக்குத் தெருத் தெருவாக நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். சாக்கு ஓட்டம், கரண்டியில் எலுமிச்சம்பழம், மியூசிகல் சேர், உறியடி, யார் கடைசியில் வருகிறார்களோ அவர்களுக்குப் பரிசு தரும் மெதுவான சைக்கிள் ஓட்டம், பெண்களுக்குக் கோலம், குடத்தில் தண்ணீர் சுமந்து ஓடுவது. ‘கணவன்மார்கள் மனைவிக்கு ஜடை பின்னும் போட்டி’ என்று ஒன்று கடைசியில் இருந்தது. யார் மூளையில் உதித்ததோ! கீழே நன்கொடையாளர் பட்டியல்: 101, 501, 1001 என்று எல்லாம் அந்த ஒரு ரூபாயோடு. மளிகைக் கடைக்காரர் எவர்சில்வர் குடம், ஒரு காண்ட்ராக்டர் ஹாட்பாக்ஸ், செல்போன் கடைக்காரர் ஆறுதல் பரிசாகச் சோப்பு டப்பாக்கள்.

“பேர் கொடுடீ” என்றேன். “எந்த வீடுன்னு கேப்பாங்கம்மா” என்றாள். கேட்டார்கள்தான். வீட்டுக்கார அம்மா பெயரைச் சொல்லி, அவங்க வீட்டு மாடி என்றோம். எழுதிக் கொண்டார்கள். கோலப் போட்டிக்கும் குடத்துக்கும் வரி நோட்டைப் பார்க்கவில்லை!

ஜடைப் போட்டியைப் பார்த்து எனக்கு வயிறு புண்ணாகி விட்டது. நட்டு போல்ட்டு மாட்டிப் பழகிய கைகள், பின்னலை இறுக்கிய இறுக்கில் ஒருத்தி “ஐயோ, முடி முடி!” என்று அலறினாள். ராத்திரி ஷிப்ட் முடிந்து தூங்காமல் வந்திருந்த ஒருவர், மூன்று கால் எடுக்க வேண்டிய இடத்தில் நாலு கால் எடுத்து அழகாகப் பின்னி முதல் பரிசு வாங்கினார். பெண் குழந்தைகள் மூன்று பேராம், பள்ளிக்கூடத்துக்கு அவர்தான் தினம் பின்னி விடுகிறாராம். அவர் மனைவிக்கும் ஏதோ கம்பெனியில் காலை ஷிப்ட்.

குடம் தூக்கி ஓடுவதைப் பார்த்தபோது, இங்கிலாந்தில் ஓல்னி என்ற சிற்றூரைப் பற்றிப் படித்தது ஞாபகம் வந்தது. அங்கே பெண்கள் ஏப்ரனும் தலைத் துணியும் கட்டிக் கொண்டு, கையில் வாணலியும் அதில் ஒரு தோசையுமாகச் சர்ச்சுக்கு ஓடுகிறார்கள். தோசை என்றால் நம் தோசை இல்லை. மைதா, முட்டை, பால் கலந்து வார்ப்பது. 1445-ல் ஒருத்தி அடுப்பில் வார்த்துக் கொண்டிருக்கும்போது சர்ச் மணி அடித்து விட்டதாம், வாணலியோடேயே ஓடினாளாம். அந்தக் கதையை வைத்துத்தான் கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்குவதற்கு முதல் நாள் 415 கெஜ ஓட்டம். 1950 முதல் அமெரிக்காவில் கான்ஸாஸ் மாகாணத்து லிபரல் என்ற ஊரோடும் போட்டி. இங்கே யார் எத்தனை நொடி, அங்கே யார் எத்தனை நொடி என்று ஒத்துப் பார்த்துக் கொள்வார்கள். எனக்கு மனசில் நின்றது ஒரு விதிதான். ஓடுகிறவளுக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், அந்த ஊரில் மூன்று மாதமாவது குடியிருந்திருக்க வேண்டும். மூன்றே மாதம்!

என் பெண் குட ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தாள். பாதித் தண்ணீர் இடுப்பில், பாதி தெருவில். இரண்டாவதாக வந்தவள் நாலாவது வீட்டுக்காரி. வாடி போடி என்று கூப்பிடுகிற அளவுக்கு அன்றைக்கே சிநேகமாகி விட்டார்கள். பங்குனியில் குழந்தைக்கு மறுபடி காய்ச்சல் வந்தபோது ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது அவள்தான். எனக்குப் போன் வந்தது மறுநாள் காலையில், எல்லாம் முடிந்த பிறகு. இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

கோலப் போட்டியில் ஒரு தகராறு வந்தது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். கம்பெனியில் வேலை செய்யும் ஒரிஸ்ஸாப் பெண் ஒருத்தி. மெலிந்த உருவம், இருபது வயதுகூட இருக்காது. எல்லோரும் புள்ளி வைத்துக் கொண்டும் கலர்ப் பொடி தூவிக் கொண்டும் இருக்க, அவள் அரிசி மாவைக் கரைத்து வைத்துக் கொண்டு விரலைத் தோய்த்துத் தோய்த்து வரைந்தாள். புள்ளியும் இல்லை, கலரும் இல்லை. தாமரை, நெற்கதிர், நடுவில் லக்ஷ்மியின் இரண்டு பாதங்கள். அவர்கள் ஊரில் மார்கழி மாதத்து வியாழக்கிழமைகளில் வீட்டு வாசலிலிருந்து பூஜை அறை வரை இப்படித்தான் போடுவார்களாம். ‘ஜோடி’ என்று பெயர் சொன்னாள். காயக் காயத்தான் வெள்ளை தெளிந்து எழும். அது எழுந்தபோது தெருவே கூடி நின்று பார்த்தது. நடுவராக இருந்த டீச்சரம்மா தயங்கினார். “புள்ளி இல்லாததைக் கோலம்னு எப்படிச் சொல்றது?” என்றார். “மாக்கோலம் இல்லையா? நம்ம பாட்டி போட்டதுதானே?” என்றார் வீட்டுக்கார அம்மா. கடைசியில் எல். ஈ. டி. பல்பும் மயிலும் போட்டிருந்த ரங்கோலிக்கு முதல் பரிசு. ஒரிஸ்ஸாப் பெண்ணுக்குச் சோப்பு டப்பா. எனக்குச் சம்மதமில்லை. அவளுக்கோ அந்தச் சோப்பு டப்பாவில் அப்படி ஒரு சந்தோஷம்! நாலு பேரைக் கூப்பிட்டு அதோடு போட்டோ எடுத்துக் கொண்டாள்.

அவளைப் போல் எத்தனை பேர்! வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய விடுதியை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். 18,720 பெண்கள் தங்கலாம். ஒரு நகரத்தையே ஒரு காம்பவுண்டுக்குள் வைத்த மாதிரி. அவர்களில் யாரும் எந்தத் தலைக்கட்டிலும் சேர்த்தி இல்லை. சில பெண்கள் ஞாயிற்றுக்கிழமை வல்லக்கோட்டைக்கு வந்து ஏழடி உயர முருகனைக் கும்பிட்டு விட்டுப் போவார்கள். திருவிழா நோட்டீஸ் அவர்களுக்கு யார் கொடுக்கிறார்கள்?

பெண்கள் கூடுவது என்பது நம் பக்கம் புதிதும் இல்லை. இங்கிலாந்து கிராமங்களில் ஊறுகாயும் ஜாமும் போட்டு விற்று நிதி சேர்க்கும் மாதர் சங்கங்கள் புகழ் பெற்றவை. பிரிட்டனில் முதல் சங்கம் 1915-ல் வேல்ஸ் நாட்டுக் கிராமம் ஒன்றில் ஏற்பட்டது. அடுத்த இரண்டாவது வருஷமே, 1917-ல், நம் சென்னை அடையாறில் இந்திய மாதர் சங்கம் தோன்றி விட்டது. சுய உதவிக் குழுக்களும் தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரியில் தொடங்கியவைதான். இந்த ஊரிலும் நாலைந்து குழுக்கள் இருக்கின்றன. பொங்கலுக்குப் பிறகு என் பெண் தானாகவே போய்க் கேட்டிருக்கிறாள். “ரேஷன் கார்டை இந்த வூட்டு விலாசத்துக்கு மாத்திகினு வாம்மா, சேத்துக்கலாம்” என்றாராம் தலைவி. வெளியூரில் குடியிருக்கும் சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும். ‘எப்போ வேணும்னாலும் ஊருக்குப் போயிடுவோம்’ என்று கார்டையும் ஓட்டையும் பிறந்த ஊரிலேயே வைத்துக் கொண்டு, இந்த ஊர் நம்மைச் சேர்க்கவில்லை என்று குறைப்பட்டால் எப்படி? அதில் நம் தப்பும் பாதி.

நிதி சேர்க்கும் வழக்கங்களில் எனக்குப் பிடிக்காததும் ஒன்று உண்டு. ஏலம். விழுப்புரம் மாவட்டத்தில் திருவெண்ணெய்நல்லூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பங்குனி உத்திரத்துக்கு முருகன் வேலில் செருகிய ஒன்பது எலுமிச்சம்பழங்களை ஏலம் விடுகிறார்கள். பிள்ளை வேண்டுகிறவர்கள் ஒரு பழத்துக்கே ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள். நம்பிக்கையைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் கடன் வாங்கிப் பழம் எடுக்கிற பெண்கள், முதலில் புருஷனும் பெண்டாட்டியுமாக ஒரு டாக்டரைப் பார்க்கட்டும். பழத்தைப் பிறகு வாங்கிக் கொள்ளலாம்.

இரண்டாவது ஆடிக்கு மறுபடி போனேன். பேத்தி நடக்கிறாள், ஒலிபெருக்கிப் பாட்டுக்கு ஆடுகிறாள். கூழ் வார்க்கிறதற்கு இரண்டு நாள் முன்னால் வீட்டுக்கார அம்மா மாடிப்படியில் நின்று கூப்பிட்டார். “இன்னாம்மா, மாவு கரைக்கலையா நீ?”

“நாங்க வரி கொடுக்கலையே, அத்தை” என்றாள் பெண்.

“வரி ஆம்பளைங்க கணக்கு. கூழுக்கு ஏது கணக்கு? ஒரு கொடம் காச்சி எடுத்தா. என் பின்னாலயே வந்து ஊத்து.”

பொங்கலுக்கு ஓடின அதே குடம். அதில் மஞ்சள் பூசி, வேப்பிலை சொருகி, கூழ் ஊற்றிக் கொண்டு என் பெண் முன்னே போக, பேத்தியை இடுப்பில் வைத்துக் கொண்டு நான் பின்னே போனேன். பாதி வழியில் சோப்பு டப்பாப் பெண் ஷிப்ட் முடிந்து அடையாள அட்டை கழுத்தில் தொங்க வந்து கொண்டிருந்தாள். அவளையும் நாலாவது வீட்டுக்காரி கையைப் பிடித்து இழுத்து வந்து விட்டாள். அண்டாவில் ஊற்றினபோது யாரும் எங்களை நிறுத்தவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கூழ் பிடித்ததோ என்னவோ, இரண்டு சொம்பு குடித்தாள்.

வரி வாங்குகிற பையன் இந்தத் தடவையும் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போனான். பெண் விடவில்லை. வாசலில் இறங்கி நின்று கொண்டாள். “தம்பி, மத்த வீட்டுக்கு எவ்வளவோ அதையே நானும் தரேன். அடிக்காம, வரின்னே போட்டுக் கொடு.”

பையன் பேனாவை வைத்துக் கொண்டு யோசித்தான். “அது என் கையில இல்லக்கா. பெரியவங்களைத்தான் கேக்கணும்.”

“கேட்டுட்டு வா. நான் இங்கேதான் இருக்கேன்” என்றாள்.

இன்னும் கேட்டுக் கொண்டிருக்கிறார்களாம். பணத்தை ஒரு கவரில் போட்டு சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.